முன் பிரேக் மட்டும் போதுமா, நாலு சக்கரத்துக்கும் மாற்ற வேண்டுமா?

லாஸ்பேட்டை:
பழைய ஜெர்மன் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு சீட், இன்ஜின் முன்னால், ஓடுவது பின் சக்கரத்தில். பெரும்பாலும் புதுச்சேரிக்குள்ளும் ஈசிஆரிலும்தான் ஓட்டம். அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோக ஆசை. முன்னால் மட்டும் பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் கேலிப்பர் (பிஸ்டனால் பேடைத் தள்ளி டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) என்று ஒரு யோசனை. நாலு சக்கரத்துக்கும் முழு கிட் என்று இன்னொன்று, செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. எது சரி?

சில்வர்பீச்:
முன்னால் மட்டும் போதும். கார் 1500 கிலோ, முன்னும் பின்னும் சமம், எடை மையம் 50 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 2.5 மீட்டர் என்று வையுங்கள். நல்ல டயரில் முழு பிரேக், அதாவது 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான வேகக் குறைப்பு), பிடித்தால் 300 கிலோ எடை முன்னால் சாயும். முன்னால் 1050, பின்னால் 450. எழுபது சதவீத வேலை முன் சக்கரத்துக்கு, சூடும் அங்கேதான். டிராக்கில் சில சுற்று போனதும் பெடல் பொதபொதவென்று இறங்குகிறதே, அது பெரும்பாலும் முன் கேலிப்பரில் பிரேக் ஆயில் கொதிப்பதால். சூடேறாத இடத்தில் எதற்குப் பணம் போட வேண்டும்?

மஞ்சக்குப்பம்:
அந்தக் கணக்கு காய்ந்த ரோட்டுக்கு. ஐப்பசி மழையில் கடலூர் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். டயர் 0.5 ஜிதான் தாங்கும் என்றால் 150 கிலோதான் சாயும். முன்னால் 900, பின்னால் 600. பின் சக்கரத்தின் பங்கு 40 சதவீதம் ஆகிவிடுகிறது. முன் பிடிப்பை மட்டும் கூட்டினால் முன் டயர் சீக்கிரம் வழுக்கி ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) துடிக்கும். பின் டயருக்குத் தாங்க வலு இருந்தும் அது சும்மா வரும். நிற்கும் தூரம் கூடும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து காரை மோசமாக்குவதா?

சில்வர்பீச்:
ஏபிஎஸ் துடித்தாலும் விடாமல் அழுத்தினால் பின்னாலும் அழுத்தம் ஏறும் சார்.

மஞ்சக்குப்பம்:
ஏறும். ஆனால் பெடல் காலுக்கடியில் உதறும்போது இன்னும் ஓங்கி மிதிப்பவர் எத்தனை பேர்? மாடு குறுக்கே வந்த நொடியில் பழக்கமில்லாத கால் பெடலை விட்டுக்கொடுத்துவிடும்.

சில்வர்பீச்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பது பெரிய டிஸ்க்கை, பெரிய பிஸ்டனை அல்ல. பிடிப்பு என்பது ஆயில் அழுத்தம், பிஸ்டன் பரப்பு, பேட் உராய்வு, டிஸ்க்கில் பேட் உரசும் ஆரம், இவற்றின் பெருக்கல். பழைய கேலிப்பரில் 57 மிமீ ஒற்றைப் பிஸ்டன் என்றால் பரப்பு சுமார் 2550 சதுர மிமீ. நாலு பிஸ்டன் கேலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் கூட்ட வேண்டும். 38 மிமீ பிஸ்டன் என்றால் சுமார் 2270 வரும். உரசும் ஆரம் 12 சதவீதம் கூடினால் பிடிப்பு பழைய அளவிலேயே நிற்கும். முன் பின் சமநிலை கெடாது, சூடு தாங்கும் திறன் மட்டும் கூடும். நாலு சக்கரத்திலும் பிஸ்டன் பரப்பை ஏற்றிவிட்டு மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பகுதி) அப்படியே விட்டால் பெடல் நீளமாக இறங்கும், அதையும் யோசியுங்கள்.

வில்லியனூர் பட்டறை:
தம்பி, இரண்டுக்கும் முன்னால் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதற்கு 155 டிகிரி. நம் கடலோரக் காற்றில் வருடக்கணக்கில் மாற்றாமல் விடக்கூடாது. பின் டிஸ்க்கையும் கழற்றிப் பாருங்கள். முன்னதைவிட வேலை குறைவு என்பதால் உப்புக்காற்றில் அதுதான் முதலில் துருவேறும். வாங்குவதற்கு முன் புது கேலிப்பர் உங்கள் வீலுக்குள் நுழையுமா என்றும் அளந்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம்:
நன்றி அண்ணே, பின்னால் கவனிக்க வேண்டும் என்று நான் மன்றாடுவது இதற்குத்தான். முன்னால் மட்டும் போடுகிறவர்கள் அங்கே டிராக் பேட் மாட்டிவிட்டு, பின்னால் தேய்ந்த பழைய பேடோடு ஓட்டுகிறார்கள். பிஸ்டன் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பேட் உராய்வு வேறானால் சமநிலை போய்விடும்.

லாஸ்பேட்டை:
என் கேலிப்பரைக் கழற்றி அளந்தேன், 57 மிமீதான். முன் கிட் விற்பவரிடம் கேட்டால் நாலும் 42 மிமீ பிஸ்டன் என்கிறார்.

சில்வர்பீச்:
ஒரு பக்கம் சுமார் 2770 வருகிறது, பழைய 2550-ஐவிட அதிகம். டிஸ்க்கும் பெரிது, முன் பிடிப்பு கூடிச் சமநிலை கெடும். அந்த கிட் வேண்டாம். 38 மிமீ இருக்கிறதா என்று கேளுங்கள்.

மஞ்சக்குப்பம்:
இதில் நானும் அவர் பக்கம். 38 கிடைத்தால் முன்னால் போட்டுக்கொண்டு, மிச்சப் பணத்தில் பின்னால் புது டிஸ்க், முன்னால் போடும் அதே ரகப் பேட், நாலு சக்கரத்துக்கும் ஸ்டீல் பின்னல் ஹோஸ் (பிரேக் ஆயில் குழாய்). கிடைக்காவிட்டால் நாலுக்கும் சேர்த்துக் கணக்கிட்ட முழு கிட்தான் என் ஓட்டு.

சில்வர்பீச்:
கிடைக்காவிட்டால் பழைய கேலிப்பரிலேயே நல்ல பேடும் புது ஆயிலும் போட்டு முதல் டிராக் நாளை ஓட்டட்டும் சார். எது சூடேறுகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.