கிராமப்புறத் தொகுதி எம்.பி. மக்களவையிலும் குழுக்களிலும் பேசியதைத் தொகுப்பது எப்படி?

கேள்வி: ஜாவிக்காரன், நிபோங் திபால்

வணக்கம். தோட்டமும் வயலும் கலந்த ஒரு தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு முழுத் தவணையில் அவையில் என்ன எழுப்பினார், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று ஒரு கோப்பு தயாரிக்க வேண்டும். எந்தத் தொகுதி, யார் என்பது இங்கே வேண்டாம். முறை தெரிந்தால் போதும். மலேசிய நாடாளுமன்ற இணையத்தளத்திலிருந்து ஹன்சார்ட் (அவையில் பேசியதன் பதிவு) பிடிஎஃப்களை இறக்கி, பெயரைப் போட்டுத் தேடினால் மிகச் சில இடங்களே வருகின்றன. அவர் தரப்பில் தரும் பட்டியலோ அதைப்போல் பல மடங்கு நீளம். எதை நம்புவது? குழு விசாரணைகளில் அவர் பேசியது எங்கே கிடைக்கும்? எங்கள் அக்கறை மூன்று விஷயங்களில்தான்: தோட்ட வீடுகள், தமிழ்ப்பள்ளிக் கட்டடம், வெள்ள வடிகால்.

பதில் 1: ஏட்டுப்பூச்சி, கோலாலம்பூர்

பெயரைப் போட்டுத் தேடியதில்தான் கோளாறு. மக்களவையில் ஒருவரையொருவர் தொகுதிப் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஹன்சார்டும் பேசுபவரின் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் தொகுதியைப் போடும். பெயர் காலப்போக்கில் மாறும்: டத்தோ பட்டம் சேரும், தந்தை பெயரின் எழுத்துக்கூட்டு வேறாகும். தொகுதிப் பெயர் ஒரு தவணைக்குள் மாறாது. அதைப் போட்டுத் தேடுங்கள்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பாகான்' என்று தேடினால் பட்டர்வொர்த் பக்கத்துப் பாகானோடு பேராக்கின் பாகான் செராயும் பாகான் டத்தோவும் வந்து விழும். 'பத்து' என்றால் பத்து காவான், பத்து காஜா, பத்து பகாட் எல்லாம் சேரும். மூடும் சதுர அடைப்பையும் சேர்த்துத் தேடினால் இது பெரும்பாலும் தீரும். 2018 தேர்தலின்போது சில பெயர்கள் இடம் மாறின. அதற்கு முன் சுபாங் என்றால் இன்றைய சுங்கை பூலோ. இன்றைய சுபாங், அன்றைய கெளானா ஜெயா. இரண்டு தவணைகளை ஒப்பிடுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இப்படித் தேடிக் கிடைக்கும் எல்லாமே உரை ஆகாது. மற்றவர் பேசும்போது இடைமறித்து விளக்கம் கேட்பதும் அதே அடைப்புப் பெயரோடுதான் பதிவாகும். "மிந்தா பெஞ்செலாசான்" (விளக்கம் கேட்கிறேன்) என்ற இரண்டு சொல்லும் ஓர் இடம், பத்து நிமிட உரையும் ஓர் இடம். ஆகவே எத்தனை முறை என்று எண்ணாதீர்கள். முழு உரை தொடங்கும் இடத்தில் ஓரத்தில் நேரம் குறித்திருக்கும், '2.35 பி.ப.' என்பதுபோல. அடுத்தவரின் நேரக்குறிப்பு வரை கழித்துப் பார்த்தால் உரையின் நீளம் ஏறக்குறையத் தெரியும். நடுவில் எத்தனை பேர் இடைமறித்தார்கள் என்பதைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

"பெம்பெசார் சுவாரா டிமாத்திகான்" என்று அடைப்பில் வந்தால் ஒலிவாங்கி அணைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் நேரம் முடிந்திருக்கும். கிராமப்புறத் தொகுதிக்காரர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பொதுக் கொள்கையில் தொடங்கித் தொகுதிப் பிரச்சினையைக் கடைசியில் வைத்திருப்பார்கள், நேரம் அதற்குள் ஓடிவிடும். அவர் தயாரித்த உரைப் படியில் இருக்கும் தோட்ட வீட்டுப் பகுதி ஹன்சார்டில் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பேசாததைப் பேசியதாகக் கோப்பில் எழுதிவிடாதீர்கள்.

பதில் 2: அலைகரை, ஜார்ஜ்டவுன்

தம்பி, அவர் தரப்புப் பட்டியல் நீளமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் கேள்விகள்தான். ஒரு கூட்டத்துக்கு ஓர் உறுப்பினர் வாய்மொழிப் பதிலுக்கு 10 கேள்வியும் எழுத்துப் பதிலுக்கு 5 கேள்வியும் கொடுக்கலாம். கூட்டம் தொடங்குவதற்கு 10 வேலை நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். வழக்கமாக ஆண்டுக்கு மூன்று கூட்டம். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 45 கேள்வி.

இவற்றில் அவையில் வாயால் பதில் கிடைப்பது மிகக் கொஞ்சம். அன்றைய பட்டியலில் மேலே இருக்கும் பத்துப் பதினைந்து கேள்விகளோடு கேள்வி நேரம் முடிந்துவிடும். மீதிக்கு எழுத்தில் பதில் வரும். அது அன்றைய விவாத ஹன்சார்டுக்குள் இருக்காது, தனிக் கோப்பாகத் தளத்தில் ஏறும். ஹன்சார்டை மட்டும் பார்ப்பவர் உறுப்பினரின் உழைப்பில் பெரும்பகுதியைத் தவற விடுகிறார். ஆகவே ஒவ்வொரு நாளின் அலுவல் பட்டியலையும் எடுங்கள். அதில் கேள்வியும் தொகுதியும் எண்ணோடு இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பதில் கோப்பைப் பிடிக்கலாம்.

கேள்வி அவையில் வாய்மொழியாக எழுந்திருந்தால் துணைக்கேள்வியைக் கட்டாயம் படியுங்கள். முதல் கேள்விக்கு அமைச்சர் படிக்கும் பதில் அதிகாரிகள் எழுதியது. துணைக்கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில்தான் அமைச்சின் உண்மையான நிலை வெளிப்படும். "எழுத்துப்பூர்வமாகத் தருகிறேன்" என்று சொன்னால் தேதியோடு குறித்து வையுங்கள். அந்த எழுத்து வந்ததா என்று உறுப்பினரின் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும். "அம்பில் மக்லும்" என்ற சொல்லைப் பதில் வரிசையில் சேர்க்காதீர்கள். கவனத்தில் கொள்கிறோம் என்பது ஒரு முடிவு அல்ல.

உங்கள் மூன்று விஷயங்களுக்கு வருகிறேன். பாதிக் கேள்விகள் வீணாவதற்குக் காரணம், தவறான கதவைத் தட்டுவது. நிலம் மாநிலத்தின் அதிகாரம். தோட்டம் துண்டாடப்படுவதைப் பற்றிக் கேட்டால் "பிடாங் குவாசா கெராஜாஆன் நெகெரி" (மாநில அரசின் அதிகாரம்) என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க 1965 தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி அனுமதி வேண்டும். அந்த அனுமதியை ஆராயும் வாரியம் மாநில அளவில் இருக்கிறது. அந்தக் கேள்வி சட்டமன்றத்தில்தான் பலிக்கும். பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகள் உண்டு. எம்.பி.யின் கோப்போடு அவர் எல்லைக்குள் வரும் சட்டமன்ற உறுப்பினர்களின் பதிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வீட்டின் தரம் என்றால் கதை வேறு. அது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், மனிதவள அமைச்சின் கீழ் வருவது, கூட்டரசுப் பொறுப்பு. 2019இல் திருத்தப்பட்டது. அமைச்சர் மாநிலத்தின் மேல் தள்ளிவிட முடியாது. அதேபோல் பெரிய ஆற்று வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்குக் கூட்டரசுப் பணம் வரும். வீட்டுப் பக்கத்துச் சிறு சாக்கடை அடைத்தால் அது செபராங் பிறை மாநகர் மன்றத்தின் வேலை. உங்கள் கோப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'யார் அதிகாரம்' என்று ஒரு கட்டம் வையுங்கள். திறமையான கிராமப்புற உறுப்பினர் இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டு கேட்பவர். அது பத்துக் கேள்வியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தமிழ்ப்பள்ளி பற்றிய கேள்விகளில் அரசின் முழு உதவி பெறுபவை, பகுதி உதவி பெறுபவை என்று பிரித்துக் கேட்டாரா என்று கவனியுங்கள். பிரிக்காமல் 'மொத்த ஒதுக்கீடு எவ்வளவு' என்றால் மொத்தத் தொகைதான் வரும். தோட்ட நிலத்தில் நிற்கும் பகுதி உதவிப் பள்ளியின் கூரைக்கு என்ன கிடைத்தது என்பது அதில் மறைந்துவிடும். தேடும்போது தமிழ்ப்பள்ளியின் மலாய்ச் சுருக்கமான 'எஸ்ஜேகேடி', அதை அடைப்புக்குறியோடு எழுதியது, 'செக்கோலா ஜெனிஸ் கெபாங்சாஆன் தமிழ்' என முழுதாக எழுதியது மூன்றையும் தேட வேண்டும். ஹன்சார்டில் மூன்றும் வரும்.

இன்னொன்று. 18ஆம் நிலையாணையின் (அவை நடைமுறை விதியின்) கீழ் அவசரத் தீர்மானம் கொடுத்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். விஷயம் குறிப்பானதா, பொதுநலம் சார்ந்ததா, உடனடியானதா என்ற மூன்று அளவுகோல்களை வைத்துச் சபாநாயகர் பார்க்கிறார். தம் அறையிலேயே நிராகரித்துவிட்டால் அது விவாதப் பதிவில் ஏறாது. கடிதப் பிரதி இருந்தால் சேருங்கள், 'ஏற்கப்படவில்லை' என்ற குறிப்போடு.

பதில் 3: வரவுசெலவு, கிள்ளான் பள்ளத்தாக்கு

மேலே இருவரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். குழு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரே சொல் இரண்டு பொருளில் வந்து ஆளைக் குழப்பும்.

ஆண்டிறுதியில் வரவுசெலவுத் திட்டம் முதலில் கொள்கை அளவில் விவாதிக்கப்படும். பிறகு முழு அவையும் குழுவாக மாறி அமைச்சு அமைச்சாகச் செலவைப் பார்க்கும். ஹன்சார்டில் இதுவும் 'ஜவாத்தான்குவாசா' (குழு)தான். அடையாளம் என்னவென்றால், அதுவரை "துவான் யாங் டி-பெர்த்துவா" (சபாநாயகர் அவர்களே) என்று விளித்தவர்கள் இங்கே "துவான் பெங்கெருசி" (தலைவர் அவர்களே) என்று விளிப்பார்கள். கிராமப்புற உறுப்பினரின் அசல் வேலை இங்கே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் இங்கே 'பூத்திரான்' (செலவின) எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும். கிராமச் சாலையா, பள்ளிக் கட்டடப் பழுதா, எந்தச் செலவினம், எவ்வளவு தொகை என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். எண்ணைத் தவறாகச் சொன்னால் அமைச்சர் பதில் தராமலே கடந்துவிடலாம்.

ஆகவே ஹன்சார்டைத் தனியாகப் படிக்காதீர்கள். அந்த ஆண்டின் கூட்டரசுச் செலவு மதிப்பீட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, அவர் சொன்ன எண்ணின் தொகையைப் பாருங்கள். நடப்புச் செலவும் வளர்ச்சிச் செலவும் வெவ்வேறு பகுதி. புதுக் கட்டடம் வளர்ச்சியில் வரும். அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் அதே எண் ஏறியதா இறங்கியதா என்று பார்த்து எழுதுங்கள். ஏறினால் அவரால்தான் ஏறியது என்று எழுதிவிட முடியாது. ஆனால் கேட்டார், ஏறியது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

தெரிவுக்குழுக்கள் (சில உறுப்பினர்களை மட்டும் கொண்ட குழுக்கள்) வேறு. அவற்றின் விசாரணை பெரும்பாலும் மூடிய அறையில் நடக்கிறது. அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் சாட்சியத்தை வெளியிட 85ஆம் நிலையாணை தடை விதிக்கிறது. உறுப்பினரே விரும்பினாலும் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அறிக்கை வந்தபிறகு பின்னிணைப்பைப் பாருங்கள். பொதுக் கணக்குக் குழு அறிக்கைகளில் விசாரணை உரையாடலே சொல்லுக்குச் சொல் இணைக்கப்பட்டிருப்பது உண்டு. யார் என்ன கேட்டார் என்பது அங்கே தெளிவாகத் தெரியும். அப்படி இணைப்பு இல்லாத அறிக்கையில் வருகைப் பட்டியல் மட்டுமே கிடைக்கும். வந்தார் என்பதற்குமேல் அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

2016இல் தொடங்கிய காமார் காஸையும் (சிறப்பு அவை) விட்டுவிடாதீர்கள். பெரிய அவையில் இடம் கிடைக்காத தொகுதிப் பிரச்சினைகள் அங்கே போகின்றன. அதற்குத் தனி ஹன்சார்ட் கோப்பு, அதே தேதியில் இருக்கும்.

ஜாவிக்காரன்

மூவருக்கும் நன்றி. அதிகாரக் கட்டம் வைப்பது பற்றி யோசிக்கவே இல்லை. இரண்டு சந்தேகம். அவர் நடுவில் துணையமைச்சரானார் என்றால் அந்தக் காலத்தை எப்படிக் கணக்கிடுவது? பழைய காலத் தோட்ட விவாதங்களோடு ஒப்பிட முடியுமா?

ஏட்டுப்பூச்சி

துணையமைச்சர் கேள்வி கேட்பதில்லை, பதில் சொல்கிறார். அந்த மாதங்களைத் தனிப் பகுதியாக வையுங்கள். இல்லாவிட்டால் 'திடீரென்று மௌனமானார்' என்று வாசிப்பவர் தவறாக நினைப்பார்.

பழையவற்றை ஒப்பிடலாம். ஹன்சார்ட் 1959 முதல் தளத்தில் இருக்கிறது. பழைய பக்கங்கள் படமாக வருடப்பட்டவை, தேடினால் பல இடங்களில் சொல் அகப்படாது. நாள் தெரிந்தால் கண்ணால் படிப்பதே நல்லது. 1972க்கு முந்தியவை பழைய மலாய் எழுத்துக்கூட்டில் இருக்கும். 'பெமெச்சாஹான்' (துண்டாடல்) என்பதில் இன்று ஓரெழுத்தாக உள்ள 'ச' ஒலி அன்று ஈரெழுத்து. அறுபதுகளில் ஆங்கில உரைகளும் நிறைய. சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொண்டால் துன் சம்பந்தன் அந்தக் காலத்தில் அமைச்சர், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அதே தொகுதிக்கு 2008 முதல் 2018 வரை இருந்த டாக்டர் ஜெயகுமார் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கேட்டவர். ஒருவர் பதில் சொல்லும் இடம், மற்றவர் கேட்கும் இடம். எண்ணிக்கையை ஒப்பிட்டால் பொருளே இராது. தோட்ட மக்களின் எந்தப் பிரச்சினை இரண்டு காலத்திலும் தீராமல் திரும்பி வந்தது என்று தேடுங்கள், அதற்குக் கோப்பில் இடம் கொடுக்கலாம்.

புதிய ஹன்சார்டின் முகப்பில் 'நஸ்கா பெலும் டிசெமாக்' என்று இருந்தால் அது இன்னும் சரிபார்க்கப்படாத படி. மேற்கோள் காட்டும் இடங்களில் இறக்கிய தேதியைக் குறித்துவிடுங்கள், பின்னால் வரும் படியில் சொல் மாறியிருக்கலாம்.