டெர்பிக்குப் போய் வந்தால் அடி குறையுமா?

பிராங்க்ஸ்வாசி:
2025 பேஸ்பால் சீசன் முடிந்துவிட்டது, இனி நிதானமாகப் பேசலாம். ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி, யார் அதிக ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடிக்கிறார் என்று நடக்கிற போட்டிதான் ஹோம் ரன் டெர்பி. நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 2017-க்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இந்த 2025 ஜூலையில் அட்லாண்டாவில் நடந்ததற்கும் போகவில்லை. "ரசிகர்களுக்காக ஒரு தடவை வரலாமே" என்று கேட்கிறவர்கள் 2017-ஐ மறந்துவிட்டார்கள். மயாமியில் அன்று ராத்திரி மூன்று சுற்றிலும் சேர்த்து 47 அடித்து ஜெயித்தார். அந்த வருஷம் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காக சீசன் நடுவில் விடும் இடைவேளை வரை 30 ஹோம் ரன், மட்டையடிச் சராசரி .329. அதற்குப் பிறகு சராசரி .228. ஆகஸ்ட் மாசம் முழுக்க மூணே மூணு ஹோம் ரன். நவம்பரில் இடது தோளில் அறுவை சிகிச்சை.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. 2005-ல் டெட்ராய்ட்டில் பாபி அபிரேயு முதல் சுற்றிலேயே 24, மொத்தம் 41 அடித்தார். அதற்கு முன் 18 ஹோம் ரன் வைத்திருந்தவர், மிச்ச சீசனில் 6. டேவிட் ரைட் 2006-ல் 20 அடித்துவிட்டு டெர்பிக்குப் போனார், திரும்பி வந்து 6. கிறிஸ் டேவிஸ் 2013-ல் 37, அப்புறம் 16. டேவிஸுக்கு டெர்பியில் கையில் கொப்புளமே வந்தது. இத்தனை பேருக்கு நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜட்ஜ் செய்வதுதான் சரி.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ரைட்டைச் சொன்னீங்க. 2006-ல் பிட்ஸ்பர்க்கில் இறுதிச் சுற்றில் ரைட்டைத் தோற்கடித்தது யார்? ரயன் ஹவர்ட். அதே மைதானம், அதே ராத்திரி, இரண்டு பேரும் கடைசிச் சுற்று வரை சுத்தினார்கள். ஹவர்ட் அதற்கு முன் 28, பிறகு 30. மொத்தம் 58, அந்த வருஷ எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது). டெர்பி ஒருத்தர் ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சைக் கெடுத்து, பக்கத்தில் நின்றவரை விட்டுவிட்டதா?

ஜட்ஜ் விஷயமும் அப்படித்தான். 2017-ல் தொடர்ந்து 37 ஆட்டங்களில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆனார், ஞாபகம் இருக்கும். அந்தத் தொடர் ஆரம்பித்தது ஜூலை 8. டெர்பி நடந்தது அதற்குப் பிறகு, ஜூலை 10. அப்புறம் செப்டம்பரில் அவரே 15 ஹோம் ரன் அடித்து 52-ல் முடித்தார். புதுமுகங்களில் அதுவரை யாரும் தொடாத எண் அது. கெட்டுப்போன ஸ்விங் ஒரே மாசத்தில் எப்படித் திரும்பி வந்தது?

இன்னொன்று. "முதல் பாதி, இரண்டாம் பாதி" என்று பேசுகிறோம், ஆனால் அவை பாதியே இல்லை. இந்த வருஷம் சியாட்டில் மரினர்ஸ் இடைவேளைக்கு முன் 96 ஆட்டம் ஆடியது, பின்னால் 66 தான். அதே வேகத்தில் அடித்தாலே எண் மூணில் ஒரு பங்கு குறையும். அதைக் கழிக்காமல் பேசுவது நியாயமில்லை.

மழைநகரான்:
சியாட்டில் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். மரினர்ஸின் கேட்ச்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) கால் ராலி அட்லாண்டா டெர்பியில் அடித்த ராத்திரியை வீட்டில் மொத்தக் குடும்பமாகப் பார்த்தோம். அப்பா பந்து போடுகிறார், தம்பி பின்னால் கேட்ச்சர் கவசத்தோடு உட்கார்ந்திருக்கிறார், நடுவில் இவர். முதல் சுற்றில் ப்ரெண்ட் ரூக்கரும் இவரும் 17-17. யாருடைய நீளமான அடி அதிக தூரம் போனது என்று பார்த்ததில், ஒரு அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் இவர் தப்பித்தார். அங்கிருந்து போய்க் கோப்பையை வென்ற முதல் கேட்ச்சர் ஆனார். இடைவேளைக்கு முன்னால் 38, பின்னால் 22, மொத்தம் 60. ஒரு கேட்ச்சர் 60 அடித்திருக்கிறார். இதைச் சரிவு என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிராங்க்ஸ்வாசி:
ராலியைக் குறைத்துச் சொல்லவில்லை நண்பரே, அது மகத்தான சீசன். ஆனால் கணக்குப்பிள்ளை சொன்ன கழித்தலைச் செய்தே பாருங்கள். 96 ஆட்டத்துக்கு 38 என்றால் 66-க்கு 26 வரவேண்டும். வந்தது 22. அதே வருஷம் டெர்பிக்குப் போகாத ஒஹ்தானி 32, பிறகு 23. வேகம் குறையவே இல்லை. போகாத ஷ்வார்பர் 30, பிறகு 26. அவருடைய வேகம் கூடியிருக்கிறது. 2024-ல் டெர்பிக்குப் போன கன்னர் ஹெண்டர்சன் 28 வைத்திருந்தார், பிறகு 9. இதற்கு என்ன சொல்வீங்க?

கணக்குப்பிள்ளை:
ஜூனியர் கமினேரோ என்று சொல்வேன். ராலியோடு இறுதிச் சுற்று வரை சுத்தி 18-15-ல் தோற்றவர். முன்னால் 23, பின்னால் 22. ஆட்டக் குறைவைக் கணக்கில் எடுத்தால் அவர் வேகம் நன்றாகவே ஏறியிருக்கிறது. டெர்பிக்குப் போகாத உங்கள் ஜட்ஜ் 35, பிறகு 18.

பிராங்க்ஸ்வாசி:
ஜட்ஜ் முழங்கைக் காயத்தில் உட்கார்ந்தார் தம்பி. அதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
ஏற்றுக்கொள்கிறேன், ஜட்ஜை எடுத்துவிடுங்கள். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். ஜட்ஜ் டெர்பிக்குப் போயிருந்து அதே 18 அடித்திருந்தால் முழங்கையை யாரும் பேசியிருக்க மாட்டோம், "டெர்பி கெடுத்தது" என்று பட்டியலில் சேர்த்திருப்போம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. டெர்பி கண்ணுக்குத் தெரிகிற காரணம், அதனால் பழி அதன் மேல் விழுகிறது.

2021-ஐ எடுத்துக்கோங்க, எனக்குப் பிடித்த வருஷம். விளாடிமிர் குரேரோ ஜூனியர் டெர்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சால்வடோர் பெரெஸ் டென்வரில் நடந்த டெர்பிக்குப் போனார். போகாத குரேரோ 28, பிறகு 20. போன பெரெஸ் 21, பிறகு 27. கடைசி நாளில் இரண்டு பேரும் 48-ல் சமமாக நின்று அமெரிக்கன் லீகில் (இரண்டு பெரிய லீகுகளில் ஒன்று) முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். டெர்பிக்குப் பயந்தவர் இறங்கினார், போனவர் ஏறினார்.

இதனால் டெர்பி நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த மூன்று மாசத்தில் தன் வழக்கத்தை மீறி அடித்தவரைத்தான் பெரும்பாலும் கூப்பிடுகிறார்கள். ஏறின வெள்ளம் வடியும். கூப்பிடாமல் வீட்டில் இருந்தாலும் வடிந்திருக்கும்.

மெட்ஸ் மகள்:
பீட் அலோன்சோவை விட்டுவிட்டீங்களே. 2019-ல் அவர் சம்பளம் 5,55,000 டாலர். க்ளீவ்லாண்டில் ஒரே ராத்திரியில் ஜெயித்த பரிசு 10 லட்சம் டாலர். அதில் ஒரு பங்கைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார். முன்னால் 30, பின்னால் 23, மொத்தம் 53. ஜட்ஜின் புதுமுகச் சாதனையை முறியடித்தது அதுதான். 2021-ல் மறுபடி ஜெயித்தார், முன்னால் 17, பின்னால் 20. இளம் ஆட்டக்காரர்களைப் "போகாதே" என்று தடுக்கும்போது இந்தப் பணத்தையும் யோசிக்க வேண்டும்.

நியூஜெர்சி அப்பா:
எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் மட்டைப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். என் பையனுக்குப் பன்னிரண்டு வயசு, சனிக்கிழமை காலையில் நான்தான் வலைக்குப் பின்னால் இருந்து பந்து போடுவேன். ஒரு கூடை பந்தை "எல்லாத்தையும் வேலிக்கு மேலே அடி" என்று சொல்லிப் போட்டால், இருபதாவது பந்துக்குள் பின் தோள் தாழ்ந்துவிடும். முன் இடுப்பு சீக்கிரம் திறந்துகொள்ளும். அதற்கப்புறம் வெளிப்பக்கமாக ஒரு பந்து போட்டால் மட்டை எட்டாது, நுனியில் பட்டு இரண்டாம் பேஸுக்கு உருண்டு போகும். இது என் கண் முன்னால் வாராவாரம் நடக்கிறது. அதனால் பிராங்க்ஸ்வாசி பயப்படுவதை என்னால் ஒதுக்க முடியவில்லை.

டெர்பியில் வருவது தெரிந்த கை போடும் மெதுவான பந்து. நிஜ ஆட்டத்தில் மணிக்கு 95 மைல் வேகம், நடுவில் கடைசி நேரத்தில் விலகிப் போகும் ஸ்லைடர். இரண்டுக்கும் உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது.

ஆனால் இதே காரணத்துக்காகவே ஒருத்தர் டெர்பிக்குப் போனார். ஹுவான் சோட்டோ, 2021. அந்த வருஷம் அவர் அடித்ததெல்லாம் தரையில் உருண்டுகொண்டிருந்தது. பந்தை மேலே தூக்கப் பழகவே போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். முன்னால் 11, பின்னால் 18, சராசரி .348. என் பையனைக் கெடுத்த அதே மருந்து சோட்டோவைக் குணப்படுத்தியிருக்கிறது. யாருக்கு எந்தக் குறை என்பதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன்.

பிராங்க்ஸ்வாசி:
அப்பா சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் சோட்டோ முதல் சுற்றில் தோற்கடித்தது ஒஹ்தானியை. அவர் கதையையும் சொல்லுங்கள். 22-22, கூடுதல் நேரத்திலும் 28-28, அப்புறம் தலா மூன்று ஸ்விங். முட்டியில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மறுநாளே ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் முதல் பிட்ச்சராகவும் (பந்து வீசுபவர்) இறங்கினார். முன்னால் 33, பின்னால் 13. 2015-ல் நேர வரம்புக் கடிகாரம் வைத்த பிறகு இது வேறு போட்டி. முன்பு பத்து அவுட் (ஹோம் ரன் ஆகாத ஸ்விங்) ஆகும் வரை பொறுமையாக நிற்கலாம். இப்போது மூச்சு விட நேரமில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த வருஷம் ஒஹ்தானியின் அணியில் அவருக்குத் துணையாக அடிக்க டிரௌட்டும் இல்லை, ரெண்டனும் இல்லை, இரண்டு பேரும் காயம். செப்டம்பரில் பிட்ச்சர்கள் அவருக்கு அடிக்கக்கூடிய பந்தே போடவில்லை, வேண்டுமென்றே விலக்கிப் போட்டு முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். 13-க்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் களைப்பு பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு பாதியை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. அமைப்பாளர்களே அதைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 2024-ல் பந்துகளுக்கு வரம்பு வைத்திருக்க மாட்டார்கள். முதல் இரண்டு சுற்றில் 40, இறுதியில் 27. தோளில் ஏற்கனவே வலி உள்ளவர், கையில் கொப்புளம் உள்ளவர் போகக் கூடாது. அதை ஸ்விங் கெடும் என்பதோடு சேர்க்காதீர்கள், அது வேறு. 2018-ல் ப்ரைஸ் ஹார்ப்பர் தன் சொந்த மைதானத்தில், அப்பா பந்து போட, ஜெயித்தார். போகும்போது சராசரி .214, வந்த பிறகு .300.

பிராங்க்ஸ்வாசி:
ஹார்ப்பர் .214-ல் இருந்து எங்கே போனாலும் மேலேதான் போகமுடியும். உங்கள் வெள்ளக் கணக்கே அதைத்தான் சொல்கிறது, அப்போது அவரை டெர்பிக்குச் சாதகமான சாட்சியாகவும் நிறுத்த முடியாது.

கணக்குப்பிள்ளை:
சரியான பிடி. ஹார்ப்பரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஹவர்டும் பெரெஸும் இருக்கட்டும்.

பிராங்க்ஸ்வாசி:
அவர்கள் இருக்கட்டும். ஸ்விங் நிரந்தரமாகக் கெடும் என்று இனி எழுத மாட்டேன், ஜூலை 8 விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் அறுவை சிகிச்சை செய்த தோளோடு 33 வயசில் இருக்கிறவரை மூன்று நிமிஷக் கடிகாரத்தின் முன்னால் நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். 2026 ஜூலை டெர்பி பிலடெல்பியாவில். இளசுகள் போகட்டும், கமினேரோ மறுபடி போகட்டும்.

நியூஜெர்சி அப்பா:
பிலடெல்பியா எங்களுக்குப் பக்கம், பையனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை கடைசிப் பத்துப் பந்தை அவன் இஷ்டத்துக்கு அடிக்கவிட்டேன். முடிந்ததும் வெளிப்பக்கமாக ஐந்து போட்டு, வலது பக்கம் தட்டச் சொன்னேன். முதல் மூன்று உருண்டது. நாலாவது நேராக என் வலைக்கு மேலே போனது.