விட்டுப்போன படிப்பு: பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

போரால் இடம்பெயர்ந்து இரண்டு மூன்று வருடம் பள்ளியையே பார்க்காத பிள்ளைக்கு வயதும் அளவுகோல் ஆகாது, பழைய சான்றிதழும் ஆகாது. ஐந்தாம் வகுப்பு என்று தாள் சொல்லும். பிள்ளை எழுத்துக்கூட்டவே திணறும். தனியாகக் கூப்பிட்டு நாலு வரிப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். சரளமாக வந்தால் சிறு கதைக்கு ஏறுங்கள், வராவிட்டால் தனிச் சொற்களுக்கு, அதுவும் இல்லையென்றால் எழுத்துக்கு இறங்குங்கள். தடுக்கிற இடம்தான் தொடங்குகிற இடம். பத்து நிமிடம் போதும். கணக்கைத் தனியாகச் சோதியுங்கள்: சந்தையில் வேலை செய்த பிள்ளை மீதிச் சில்லறையை மனத்திலேயே சொல்லிவிடும், அதையே தாளில் கழிக்கத் தெரியாது. வந்த அன்றே சோதிக்க வேண்டாம். பயத்தில் தெரிந்ததும் வராது.

இப்படிச் சோதித்து வகுப்பை முடிவு செய்வது சரி, ஆனால் அதை அப்படியே செய்தால் 13 வயதுப் பையன் 7 வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருவான். ஒரு வாரம் தாங்க மாட்டான். இப்படி வயதில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரே ஆண்டில் இரண்டு வகுப்பை முடிக்கிற துரிதக் கல்வி தனியாக வேண்டும். இது கெடுவது ஒரே இடத்தில்தான்: முழுப் பாடத்திட்டத்தையும் பாதி நேரத்தில் திணிப்பது. வாசிப்பையும் கணக்கையும் முன்னால் வைத்து, திரும்பத் திரும்ப வருகிற பாடங்களை வெட்டுங்கள். இன்னொன்று, முடித்தவர்களை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று கல்வி அலுவலகத்திடம் முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

பொருள் பக்கம் கொஞ்சம். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் அவசர காலத்தில் கொடுக்கும், வகுப்பு நடத்தத் தேவையான பொருள்கள் அடங்கிய பள்ளிப் பெட்டி ஓர் ஆசிரியருக்கும் 40 பிள்ளைகளுக்குமான கணக்கு. மூடியின் மேல் கூடவே வரும் வண்ணத்தைப் பூசினால் அதுவே கரும்பலகை. ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசாதீர்கள், உரியும். மெல்லிசாக இரண்டு பூச்சு, நன்றாகக் காயட்டும். எழுதுமுன் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்துத் துடையுங்கள். இல்லாவிட்டால் முதலில் எழுதியது அழியாமல் நிழலாக நிற்கும். பெட்டிக்குள் பாடநூலைத் தேடாதீர்கள், இருக்காது. ஊருக்கு ஊர் பாடத்திட்டம் வேறு, அதை நீங்கள்தான் தேட வேண்டும்.

வருகைப் பதிவேட்டை மறந்துவிடுகிறோம். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், பிறந்த தேதி, முடித்த நிலை இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்திட்டு, மாதாமாதம் தாயின் கையில் கொடுங்கள். மறுபடி இடம்பெயர்ந்தால் பதிவேடு பள்ளியோடு நின்றுவிடும், சீட்டுதான் கூடப் போகும்.