கோஎன்ஜி லைவ் ஹவுஸுக்கு முதல் தடவை போகிறேன், என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

கேள்வி: நிஷிகசாய்வாசி

வணக்கம். டோக்கியோ வந்து பத்து மாதம் ஆகிறது, நிஷி கசாயில் இருக்கிறேன். ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரர் பேஸ் கிட்டார் வாசிப்பவர் என்று போன வாரம்தான் தெரிந்தது. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத மனிதர். மதியம் ஒரு நோட்டீஸை இரண்டு கையாலும் நீட்டினார். சனிக்கிழமை கோஎன்ஜியில், பேண்டுகள் நேரடியாக வாசிக்கும் லைவ் ஹவுஸ் என்ற சிறு அரங்கில் நிகழ்ச்சி. ஐந்து பேண்டுகள், அவருடையது மூன்றாவது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் கும்பகோணம் பக்கம். திருவிழா நாதஸ்வரமும் மெல்லிசைக் கச்சேரியும் கேட்டு வளர்ந்தவன், ராக் நிகழ்ச்சிக்குப் போனதே இல்லை. நோட்டீஸில் 2,000 யென், கூடவே ஒரு டிரிங்க் என்று இருக்கிறது. நான் குடிப்பதில்லை, அது கட்டாயமா? அவர் வாசித்து முடித்ததும் கிளம்பினால் தப்பா? கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமா?

பதில்: டிரம்ஸ்காரன்

தம்பி, கட்டாயம் போங்கள். நான் பதினொரு வருடமாக டோக்கியோவில் இருக்கிறேன், ஆறு வருடம் ஒரு பேண்டில் டிரம்ஸ் வாசித்தேன். அதனால் மேடைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் விஷயம். வாசலில் டிக்கெட் தருபவர், "இன்று எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்பார். சும்மா கேட்கும் கேள்வி இல்லை அது. உங்கள் நண்பரின் பேண்ட் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே பல லைவ் ஹவுஸ்களில் நோருமா என்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பேண்டும் இத்தனை டிக்கெட் விற்றுத் தர வேண்டும், விற்காததற்குக் கைக்காசு போட வேண்டும். நாங்கள் வாசித்த இடத்தில் 2,000 யென் டிக்கெட் 20. ஒரு மழை நாளில் எங்களுக்காக வந்தவர்கள் எட்டே பேர். மீதிப் பன்னிரண்டுக்கு 24,000 யென், ஆளுக்கு 6,000 வீதம் நான்கு பேரும் கொடுத்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடித்தோம். ஒத்திகை ஸ்டூடியோ வாடகை தனி. யாரைப் பார்க்க வந்தேன் என்று நீங்கள் சொல்லாமல் விட்டால், உங்கள் டிக்கெட் அவர் கணக்கில் ஏறாது. முன்கூட்டியே அவரிடம் சொல்லி உங்கள் பெயரில் டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதற்குத் தோரிஓகி என்று பெயர். அன்றைக்கே வாங்கினால் பெரும்பாலும் 500 யென் கூடும்.

டிரிங்க் வாங்கத்தான் வேண்டும், 600 யென் இருக்கும். பல இடங்கள் உணவகம் என்ற உரிமத்தில் நடப்பதால் இந்த ஏற்பாடு. மது எடுக்க வேண்டியதில்லை. ஊலாங் டீ, ஜிஞ்சர் ஏல் எல்லாம் இருக்கும்.

ஐந்து பேண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு பேண்டுக்கு அரை மணி, நடுவில் சாமான் மாற்றப் பத்துப் பதினைந்து நிமிடம். ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். ஒரே மேடையைப் பங்கிடும் மற்ற பேண்டுகளைத் தைபான் என்பார்கள். டிரம் செட் எல்லோருக்கும் ஒன்றுதான், ஸ்னேர் என்ற சிறு டிரம்மும் கால் பெடலும் மட்டும் அவரவருடையது. மதியம் ஒத்திகை தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியாக வாசிப்பவர்கள் முதலில் பார்த்துவிட்டு இறங்குவார்கள், முதல் பேண்ட் கடைசியில் பார்க்கும். அப்படிச் செய்தால் கதவு திறக்கும்போது முதல் பேண்டின் அமைப்பு மேடையில் அப்படியே நிற்கும். இப்படி மதியத்திலிருந்து காத்திருந்தவர்கள், தங்கள் முறை வரும்போது பாதிக் கூட்டம் படியேறிப் போவதை மேடையிலிருந்து பார்ப்பது கொடுமை. நான் பார்த்திருக்கிறேன்.

கோஎன்ஜி பற்றி ஒன்று சொல்லாமல் முடியாது. 20,000 வோல்ட் என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு நிலவறை அரங்கம் அங்கே இருந்தது. பங்க், நாய்ஸ் என்ற இரைச்சலான இசை வகை ஆட்களுக்குத் தாய்வீடு மாதிரி. 2009இல் அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது, அரங்கமும் போயிற்று. அடுத்த வருடமே பக்கத்தில் ஹிகாஷி கோஎன்ஜியில், அதே பொருள் தரும் இன்னொரு பெயரில் திறந்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பதில்: மெல்லிசை அக்கா

காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் கால் மணிதான் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. நிலவறையில் ஸ்பீக்கர் பக்கம் அதற்குமேல் போகும். இரண்டு வருடம் முன்பு நான் அலட்சியமாக நின்றதில் மூன்று நாள் காதில் ரீங்காரம். பின்பக்கம் ஒலிக்கலவை மேசைக்கு முன்னால் நில்லுங்கள், அங்கேதான் சத்தம் சீராகக் கேட்கும்.

தனியாகப் போகலாம், பாதிப் பேர் தனியாக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். பெரிய பை வேண்டாம். பேண்டுக்குத் தின்பண்டம் கொண்டுபோய்க் கொடுப்பது இங்கே வழக்கம், சாஷிஇரே என்பார்கள். தனித்தனிப் பொட்டலமாக இருந்தால் நல்லது. ரயில் சுலபம், தோசாய் லைனில் நகானோ, அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் கோஎன்ஜி.

மீண்டும்: நிஷிகசாய்வாசி

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. போய்விட்டு வந்தேன்.

செங்குத்தான படி இறங்கியதும் வாசலில் ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டார். பேண்ட் பெயரைச் சொன்னேன். அவர் முன்னால் ஒரு தாள், அதில் ஐந்து பேண்டின் பெயர்கள். நம் ஊரில் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போமே, இங்கே அதற்கு ஐந்து கோட்டில் முடியும் ஒரு கான்ஜி எழுத்து. நண்பரின் பேண்ட் பெயருக்குக் கீழே ஒரு எழுத்து முழுதாகவும் இன்னொன்று நாலு கோட்டோடும் இருந்தது. என் கோட்டில் அது முடிந்தது. பத்து.

உள்ளே ஐம்பது பேர் இருந்தால் அதிகம். முதல் பேண்ட் தொடங்கியபோது சட்டை படபடத்தது, நெஞ்சுக்கூட்டில் அடித்தது. தவில் பக்கத்தில் நின்று கேட்டவனுக்கு அது புதிது இல்லை. பாட்டு முடிந்தால் ஒரே நிசப்தம், அடுத்த பாட்டுக்கு டியூன் செய்யும் சத்தம் மட்டும். அந்த நிசப்தத்தில் யாரும் பேசவில்லை.

பிறகு அவர் வந்தார். ஆபீசில் குரலே எழாத மனிதர், கண்ணை மூடி, காலை அகற்றி நின்று, அரை மணி நேரம் அந்த அறையையே அதிர வைத்தார். மூன்றாவது பாட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

கடைசி பேண்ட் வரை இருந்தேன். அம்மா அனுப்பிய முறுக்கைப் பொட்டலம் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், ஐந்து பேண்டுக்கும் போயிற்று. கிளம்பும்போது படிவரை வந்து அவர் சொன்னது, "திங்கட்கிழமை பார்ப்போம்" என்பது மட்டும்தான்.

திங்கட்கிழமை என் மேசையில் அவர்களுடைய சிடி ஒன்று இருந்தது. அடுத்த மாதம் மறுபடி வாசிக்கிறார்களாம். என் அறைத் தோழனுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.