டெக்கோ மெஷ் வச்ச பிறகும் மாடி யூனிட் சிவப்பு லைட், பிரிண்டரையும் காணலை

விளைவீடு:
குலசேகரம் பக்கம் வீடு. கீழே பழைய வெட்டுக்கல் சுவர், மேலே கான்கிரீட் மாடி. ஃபைபர் கம்பெனி தந்த ஓஎன்டி (ஃபைபர் வந்து சேர்ற மோடம் பெட்டி) ஹாலில் இருக்கு, வைஃபையும் அதிலேதான். அதிலிருந்து மாடிக்கு ஏற்கெனவே ஒரு லேன் கேபிள் இழுத்திருக்கு. பிளான் 150 எம்பிபிஎஸ்.

டெக்கோ எம்4 மெஷ் (ஒரே பெயரில் வீடு முழுக்க வைஃபை பரப்புற பெட்டிகள்) மூணு யூனிட் வாங்கினேன். முதல் யூனிட்டை ஓஎன்டி பக்கத்தில் கேபிள் போட்டு வச்சாச்சு. இரண்டாவது மாடியில், அந்தப் பழைய லேன் கேபிளில். மூணாவது அடுக்களையில், வயர் இல்லாமல். மாடி யூனிட் கொஞ்ச நேரம் பச்சை, பிறகு சிவப்பு. அடுக்களையில் 12 எம்பிபிஎஸ்தான் வருது. ஓஎன்டி வைஃபையில் இருக்கிற பிரிண்டரை மெஷ்ஷில் இருக்கிற போன் கண்டுபிடிக்க மாட்டேங்குது. மாடி கேபிளை நேரே லேப்டாப்பில் சொருகினால் 94, அதுக்கு மேல ஏறாது. எங்கே தப்பு?

தக்கலை_வயர்மேன்:
பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை தம்பி. வீட்டில் இப்போ ரெண்டு ரௌட்டர் ஓடுது, அதுதான் விஷயம். ஓஎன்டி 192.168.1 வரிசையில் ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கும். டெக்கோ ரௌட்டர் மோடில் இருந்தால் தனக்குக் கீழே 192.168.68 வரிசையில் கொடுக்கும். மாடி யூனிட்டின் கேபிள் நேரே ஓஎன்டிக்குப் போகுதில்லையா, அதனால் அது முதல் யூனிட்டுக்கு வெளியே நிக்குது. ரௌட்டர் மோடில் துணை யூனிட் எல்லாம் முதல் யூனிட்டுக்குப் பின்னாலதான் வரணும். சிவப்பு லைட் அதுக்குத்தான்.

பிரிண்டர் கதையும் இதேதான். பிரிண்டரைத் தேடும்போது போன் போடுற கூப்பாடு தன் வரிசைக்குள்ளேயே நின்னுடும், 68-லிருந்து 1-க்குத் தாண்டாது.

ஓஎன்டியே ரௌட்டராக இருக்கட்டும். டெக்கோவை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (ஐபி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்பும்) மாத்திடுங்க. ஆப்பில் மோர், அட்வான்ஸ்டு, ஆபரேஷன் மோட், ஆக்சஸ் பாயின்ட். ரீபூட் ஆகும். அதுக்கப்புறம் எல்லாமே 192.168.1 வரிசைக்கு வந்துடும். போன் பழைய ஐபியைப் பிடிச்சுக்கிட்டு நெட் இல்லைன்னு சொன்னால் வைஃபையை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. எதுக்காவது கையால 192.168.68-ல் ஐபி வச்சிருந்தால் (கேமரா பதிவுப் பெட்டி டிவிஆர்-க்கு பெரும்பாலும் வச்சிருப்பாங்க) அதை மாத்தணும், இல்லைன்னா அது காணாமல் போயிடும். பேரன்ட்டல் கன்ட்ரோல் மாதிரி சில வசதிகள் இந்த மோடில் கிடைக்காது. வேணும்னா இப்பவே யோசிச்சுக்கோங்க.

அடுத்து ஓஎன்டி வைஃபை. பிரவுசரில் 192.168.1.1-ல் போய் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டையும் அணைச்சுடுங்க. அணைக்கிறதுக்கு முன்னாடி பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வச்சு, அணைச்ச பிறகு அதையே மெஷ்ஷுக்குக் கொடுங்க. டிவி, பிரிண்டர், கேமரா எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கும். எழுத்து பெரிசு சின்னது மாறாமல் பார்த்துக்கோங்க.

பார்வதிபுரம்_பேக்கெட்:
வயர்மேன் அண்ணன் சொன்ன மோடு சரி. 94-ஐ மட்டும் அவர் தொடலை. 94 வந்து அப்படியே நின்னால் லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் விழுந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு இடத்தில் பார்க்கணும்.

ஒண்ணு, ஓஎன்டி போர்ட். பல ஓஎன்டிகளில் நாலு லேன் போர்ட் இருந்தாலும் ஒண்ணுதான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), பாக்கி மூணும் 100. அடியில் ஒட்டியிருக்கிற லேபிளிலோ போர்ட்டுக்கு மேலேயோ ஜிஇ (கிகாபிட்), எஃப்இ (100)ன்னு போட்டிருக்கும். முதல் டெக்கோவை அந்த ஜிஇ போர்ட்டில் போட்டுட்டு, மாடி கேபிளை ஓஎன்டியிலிருந்து எடுத்து முதல் டெக்கோவின் இரண்டாவது போர்ட்டில் சொருகுங்க. எம்4-ல் ரெண்டு போர்ட்டும் கிகாபிட்தான். இப்படிப் போட்டால் நாளைக்கு ரௌட்டர் மோடுக்குத் திரும்பினாலும் மாடி யூனிட் சிவப்பு காட்டாது.

ரெண்டாவது, கேபிள் முனை. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேணும். நாலு கம்பியை மட்டும் கிரிம்ப் பண்ணிட்டுப் போயிருந்தாலோ, நீலமோ பிரவுனோ ஒண்ணு அறுந்திருந்தாலோ லிங்க் 100-க்கு இறங்கிடும். நெட் வரும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது. ரெண்டு முனையையும் வெட்டிட்டுப் புது ஆர்ஜே45 கனெக்டர் போடுங்க. கிளிப் கீழே பார்க்க, இடமிருந்து: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். வெளி உறை கனெக்டருக்குள் போய் நிக்கணும். கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியுதா? செம்பு பூசின அலுமினியம். ரெண்டு தடவை வளைச்சால் முறியும், அதை மாத்துறது நல்லது.

அடுக்களை யூனிட்டை சிக்னல் இல்லாத இடத்திலேயே வச்சிருப்பீங்க. அங்கே அதுக்கே சிக்னல் இல்லை, உங்களுக்கு எதைக் கொடுக்கும்? வெட்டுக்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸை நல்லா முழுங்கும். ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில், வாசல் நேர்கோட்டில் தெரியிற இடமாப் பார்த்து வைங்க. பிரிட்ஜ் மேல, இரும்பு பீரோ பக்கத்தில் வேண்டாம். எம்4 ரெண்டு பேண்ட்தான். வாங்குறதும் கொடுக்கிறதும் ஒரே ரேடியோ, அதனால வயர் இல்லாத யூனிட்டில் வேகம் பாதியாகிறது வழக்கம். 50, 60 வந்தால் போதும்னு விட்டுடுங்க.

கோட்டாறு_ரூட்:
ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (ரௌட்டர் வேலை செய்யாமல் நெட்டை அப்படியே கடத்தும்) போட்டு டெக்கோவையே ரௌட்டர் ஆக்கினால் இன்னும் சுத்தமா இருக்குமே? பேரன்ட்டல் கன்ட்ரோலும் கிடைக்கும்.

தக்கலை_வயர்மேன்:
சுத்தம்தான். ஆனால் நெட் லாகினுக்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், கம்பெனி லைனுக்கு வச்சிருக்கிற விலான் நம்பர் மூணும் கையில் வேணும். அதைக் கேட்டு வாங்குறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். லேண்ட்லைன் போன் ஓஎன்டியில் இருந்தால் அது என்னாகும்னும் முன்கூட்டியே கேட்டுக்கணும். இவருக்கு அவசியம் இல்லை.

விளைவீடு:
மோடு மாத்தி, கேபிளை டெக்கோ போர்ட்டுக்குக் கொண்டுபோயாச்சு. மாடி பச்சை, பிரிண்டரும் வந்துட்டு. நீலக் கம்பி ஒண்ணு கிரிம்ப்பில் ஏறவே இல்லை, மாத்தினதும் 150 முழுசா வருது. ரொம்ப நன்றி அண்ணே.

இன்னொண்ணு. வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ரப்பர் விளைக்குள்ள ஷீட் காயப்போடுற புகைப்புரை. அங்கே ஒரு கேமரா வைக்கணும். இன்னொரு டெக்கோ வாங்கி லேன் கேபிளில் கொண்டுபோகலாமா? 100 மீட்டருக்குள்ளதானே.

பார்வதிபுரம்_பேக்கெட்:
தூரம் சரி, இடி சரியில்லை. ஐப்பசியில் உங்க பக்கம் இடிக்கிற இடிக்கு, ரெண்டு கட்டடத்துக்கு நடுவில் செம்புக் கம்பி இழுக்கிறது மின்னலுக்கு வழி போட்டுக் கொடுக்கிற மாதிரி. பக்கத்தில் விழுந்தாலே ரெண்டு முனையிலும் போர்ட் போகும்.

வயர்லெஸ்ஸும் வேண்டாம். தையில் ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும்போது சோதிச்சால் அருமையா வரும். பங்குனியில் தளிர்த்து அடர்ந்த பிறகு, மழையில் இலை நனைஞ்சதும் லிங்க் அறும்.

ஃபைபர் இழுங்க. கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர் (லேனை ஃபைபருக்கு மாத்துற பெட்டி) ஒரு ஜோடி, ஒற்றை இழை சிங்கிள் மோட். ஒண்ணு ஏ (1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-ல் வாங்கும்), மத்தது பி (அதுக்குத் தலைகீழ்). ரெண்டும் ஏ-ன்னு வாங்கிட்டால் லிங்க் லைட்டே எரியாது. வெளியில் இழுக்கிற டிராப் கேபிளில், இரும்புக் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் கம்பி இருக்கிற எஃப்ஆர்பி வகையைக் கேளுங்க. இரும்பு இருந்தால் செம்பை விட்டதில் பிரயோஜனம் இல்லை. ஸ்ப்ளைசிங் மெஷின் வச்சிருக்கிற கேபிள் டிவி ஆளிடம் ரெண்டு முனையிலும் நீல கனெக்டர் பிக்டெயில் (கனெக்டர் போட்ட குட்டி ஃபைபர்) போடச் சொல்லுங்க. அவர் கையில் பழக்கமா இருக்கிறது வீட்டு இணைப்புக்கான பச்சை, அதாவது ஏபிசி. கன்வெர்ட்டரில் இருக்கிறது பெரும்பாலும் நீலம், யுபிசி. பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போகும், ஆனால் முனை சரிவா இருக்கிறதால் முகம் ஒட்டாமல் ஒளி நிறைய வீணாகும்.

தக்கலை_வயர்மேன்:
புகைப்புரைக்குக் கரண்ட் வீட்டிலிருந்துதானே போகுது? அந்த வயர் வழியாகவும் மின்னல் வரும், ஃபைபர் அதைத் தடுக்காது. அங்கே எர்த்தோட ஒரு சர்ஜ் புரொடெக்டர் வைங்க. கன்வெர்ட்டரையும் டெக்கோவையும் புகை ஏறாத வெளிச்சுவரில் ஒரு மூடின பெட்டிக்குள்ள மாட்டுங்க. ஷீட் புகைக்கிற அறைக்குள்ள வச்சால் சூடும் கரியும் சேர்ந்து சீக்கிரம் தின்னுடும்.