பொருளியல் ஆய்வுப் பட்டறையில் மூக்குடைபட்ட அனுபவம் உண்டா?

கோட்டூர்புரம்வாசி:
நடத்தைசார் பொதுப் பொருளியல் (வரி மாதிரி அரசு விஷயங்களில் மக்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற படிப்பு), ஐந்து நாள் பட்டறை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு மட்டும். கடைசி நாள் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் ஆய்வுத் திட்டம் சொல்ல வேண்டும். நான் எடுத்தது சேட்டி, லூனி, கிராஃப்ட் என்ற பொருளியலாளர்களின் 2009 கட்டுரை. தெரிந்ததுதானே, அமெரிக்கக் கடையில் விலைச்சீட்டில் வரியையும் சேர்த்துக் காட்டியதும் விற்பனை சுமார் 8 சதவீதம் குறைந்தது. அதையே தி.நகர் மளிகைக் கடையில் ஜி.எஸ்.டி.யை வைத்துச் செய்யப்போகிறேன் என்று இருபது ஸ்லைடு (பத்து நிமிடத்துக்கு!). எட்டாவது ஓடும்போது டீ கொண்டுவந்த அண்ணன் தட்டோடு நின்று பார்த்துவிட்டு, "எம்.ஆர்.பி.ன்னா எல்லா வரியும் சேர்த்துத்தானேம்மா?" என்றார். அவ்வளவுதான். அங்கே வரி கவுண்டரில்தான் ஏறும், அதனால்தான் அந்த ஆய்வே. இங்கே பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துத்தான் பிஸ்கட் வாங்குகிறேன். யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேராசிரியர் டீயை எடுத்துக்கொண்டு, "அண்ணனுக்கு ஒரு சேர் போடுங்க" என்றார்.

இருபது டோக்கன்:
எனக்குப் பொதுப்பண்ட விளையாட்டு, பொதுவில் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்க்கும் சோதனை. நாலு பேர், சுற்றுக்கு ஆளுக்கு 20 டோக்கன், போடாதது அவரவருக்கே, பொதுவில் போடும் ஒவ்வொன்றுக்கும் நாலு பேருக்கும் தலா 0.4 திரும்பும், பத்துச் சுற்று. திரையில் பெயர் வராது, எண் மட்டும். ஒன்பது சுற்றும் 15க்குக் குறையாமல் போட்டவள் பத்தாவதில் சைபர் போட்டேன். திரையில் 20, 20, 20, 0. அந்த மூவரில் ஒருத்தி என் அறைத்தோழி, அன்று காலைதான் எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்திருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது, "கடைசியில ஒருத்தர் மட்டும் ஏமாத்திட்டாங்கடி" என்றாள். "யாரா இருக்கும்?" என்று கேட்டேன். சைபர் போட்டதைவிட இதுதான் உறுத்துகிறது.

அண்ணாச்சி:
தங்கச்சி, இதில் என்ன குற்றவுணர்ச்சி? போடும் டோக்கனுக்கு உங்களுக்குத் திரும்புவது 0.4 என்றால் கணக்குப்படி முதல் சுற்றிலிருந்தே சைபர்தான் சரி. விசித்திரம் கடைசிச் சுற்றில் 20 போட்ட அந்த மூவர். ஃபெர், கேஹ்டர் என்ற பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள், குறைவாகப் போடுகிறவரைத் தண்டிக்க வழி கொடுத்தால் சொந்தக் காசைச் செலவழித்தாவது தண்டிக்கிறார்கள், பங்களிப்பும் ஏறுகிறது. நான் போன பட்டறையில் என்னைத் தண்டித்தே காலி செய்தார்கள், அது கிடக்கட்டும். கோட்டூர்புரம், திட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள், ஓட்டலுக்குப் போங்கள். மெனு கார்டில் ஒரு விலை, பில்லில் அதற்கு மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., பல இடங்களில் அப்படித்தான். சில மேசைக்கு மட்டும் வரி சேர்த்த விலையோடு கார்டு வையுங்கள். முதலாளியிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு முன்னாலேயே அனுப்புங்கள், சனி ஞாயிறை விட்டுவிடுங்கள், கூட்டத்தில் சர்வர் கார்டை மாற்றி வைத்துவிடுவார், அப்புறம் எந்த மேசைக்கு எந்த கார்டு என்று உட்கார்ந்து அழ வேண்டியதுதான். இன்னொன்று, ஸ்லைடு ஆறுக்கு மேல் வேண்டாம்.

கோட்டூர்புரம்வாசி:
அண்ணாச்சி, நான் ஆலோசனை கேட்கவே இல்லை. ஓட்டல் யோசனையை அன்றைக்கே டீ அண்ணன் சொல்லிவிட்டார்.

மீட்டர்வீட்டுப் பெண்:
என் மூக்கை உடைத்தது அம்மா. ஈ.பி. கட்டணப் படிநிலையை மக்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்று பட்டறையில் அடித்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். 2022 கட்டணத்தில் ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 501 ஆனால் அதே யூனிட்டுகளுக்கு 4.50, ஒரே யூனிட்டால் அவற்றுக்கு மட்டும் 225 ரூபாய் ஏறும் என்று அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் பேசாமல் சமையலறைக் காலண்டரைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் எண் எழுதியிருந்தது: 487, 493, 496. ஒரே ஒரு தடவை 512. பக்கத்தில் சிவப்பு மையில் என் பெயர்.