மறு: எதிர்முடுக்கமா, தணிமுடுக்கமா?

> வேகம் குறைந்தால் எதிர்முடுக்கம். தமிழ்நாட்டில் ஊன்றிவிட்ட சொல்லை எதற்கு அசைக்க வேண்டும்?

வணக்கம் ஐயா.

வேகம் குறைவதைக் குறிக்கும் (deceleration) எதிர்முடுக்கம் என்ற சொல் ஊன்றிவிட்டது உண்மைதான்; அதற்குப் பதில் தணிமுடுக்கம் என்று வைக்கலாம் என்பதே என் கருத்து. ஏனெனில், கணக்குப் போட உட்காரும் பிள்ளையின் காலை எதிர்முடுக்கம் என்ற சொல் வாரிவிடுகிறது.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் நான்காம் படிவத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள். இயற்பியலைப் படிப்பது மலாயில். விளக்கம் மட்டும் தமிழில் கேட்பார்கள். பலகையில் ஒரு கணக்கு: வினாடிக்கு 19.62 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம். மேல்திசை நேர்க்குறி (+); முடுக்கம், அதாவது திசைவேகம் (திசையோடு சேர்ந்த வேகம்) ஒவ்வொரு வினாடியும் மாறும் அளவு, −9.81. 2 வினாடியில் உச்சி. அதுவரை சரியாகவே போடுகிறார்கள்.

3 வினாடி முடிவில் திசைவேகம் என்ன? "இப்போது வேகம் கூடுகிறதே சார், எதிர்முடுக்கம் எப்படி வரும்?" என்று உச்சியிலிருந்து குறியை மாற்றிவிடுகிறார்கள். விடை +9.81. அதாவது, உச்சியைத் தொட்ட பந்து இன்னும் மேலே போகிறது! குறியில் கை வைக்காமல் 19.62 − 9.81 × 3 என்று போட்டால் −9.81, பந்து ஒழுங்காகக் கீழே வருகிறது. திசைவேகம் சுழியாகும் அந்தக் கணத்திலும் முடுக்கம் அதே −9.81தான்.

குறி நாம் தேர்ந்த திசையைப் பொறுத்தது. வேகம் குறைவது, முடுக்கமும் திசைவேகமும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால். "எதிர்" என்ற முன்னொட்டு இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுவிடுகிறது.

இதற்கு இலங்கையில் வழங்கும் அமர்முடுகல் எனக்குப் பிடித்த சொல். அது குறியைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் அங்கே முடுக்கத்துக்கு ஆர்முடுகல், திசைவேகத்துக்கு வேகம், நம் வேகத்துக்கோ கதி என்று பெயர். ஒன்றை அழைத்தால் குடும்பமே வந்து இறங்கும்!

ஆகவே தணிமுடுக்கம். முடுக்குவது எப்படித் தணியும் என்று நம் உரையாடலில் ஓர் அம்மையார் கேட்டிருந்தார். வேகம் மாறாமல் வளைவில் திரும்பும் காருக்கும் முடுக்கம் உண்டு என்றுதானே சொல்லித்தருகிறோம்? விரைவு என்ற பழைய பொருளை முடுக்கம் என்ற சொல் எப்போதோ கடந்துவிட்டது.

நம் சொற்பட்டியலுக்கு என் வரி: "தணிமுடுக்கம்: திசைவேகத்துக்கு எதிர்த்திசையில் அமைந்து வேகத்தைக் குறைக்கும் முடுக்கம்."

எடுத்துக்காட்டாக, செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்திலிருந்து சீராகத் தணிந்து 50 மீட்டரில் நிற்கிறது. தணிமுடுக்கத்தின் அளவு 4. லாரி போகும் திசையை எதிர்க்குறியாக வைத்துப் போட்டால் விடை +4. இதற்கு எதிர்முடுக்கம் என்று பெயர் வைத்தால் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது, ஐயா?